மனைவியின் கொள்ளுத்தாத்தா போலந்துக்காரர்: நிரந்தர வசிப்புரிமைக்கு இது போதுமா?

வின்னிபெக்வாசி

அனைவருக்கும் வணக்கம். கிராக்கோ நகரில் எனக்கு ஒரு வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. நான் இந்தியக் கடவுச்சீட்டுக்காரன். மனைவி கனடாவில் பிறந்தவர். மகளுக்கு ஆறு வயது. வேலை அனுமதியோடு போய், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளுவதைவிட, மனைவியின் வம்சாவளியை வைத்து நிரந்தர வசிப்புரிமை பெற முடியுமா என்று யோசிக்கிறோம்.

விவரம் இதுதான். மனைவியின் தாய்வழித் தாத்தாவுடைய பெற்றோர் இருவரும் இன்றைய உக்ரைனின் தெர்னோபில் பக்கத்துக் கிராமத்தினர், ரோமன் கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் அது ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணம். கொள்ளுத்தாத்தா 1911-லும் கொள்ளுப்பாட்டி 1913-லும் கப்பலேறி வந்து வின்னிபெக்கில் மணம் செய்துகொண்டார்கள். 1926-ல் அவர் பிரிட்டிஷ் பிரஜையானார். தாத்தா 1924-ல் பிறந்தார், உலகப் போரில் கனடா ராணுவத்தில் இருந்தார். மாமியார் பிறந்தது 1953-ல்.

வீட்டில் இப்போது போலிஷ் மொழி பேசுபவர் யாரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பியரோகி என்ற கொழுக்கட்டை செய்வதும், மேசையில் ஒரு தட்டை யாருக்கும் இல்லாமல் காலியாக வைப்பதும் மட்டும் தொடர்கிறது. இதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?

தட்டச்சன்

கொள்ளுத்தாத்தா என்றால் கதை முடிந்தது நண்பரே. எல்லா நாட்டிலும் தாத்தா பாட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலை அனுமதியிலேயே போய்விடுங்கள்.

விஸ்துலாக்கரை

தட்டச்சன், போலந்தில் அப்படி இல்லை. வார்சாவில் வெளிநாட்டவர் கோப்புகளைப் பார்க்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வின்னிபெக்வாசி, உங்கள் மனைவி முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன. பெரும்பாலோர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் காலமும் வீணாகின்றன.

முதலாவது, அவர் ஏற்கெனவே போலந்துக் குடிமகளா என்று பார்ப்பது. போலந்துக் குடியுரிமை பெற்றோர் வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே போகும். இத்தனை தலைமுறையோடு நின்றுவிடும் என்ற எல்லை கிடையாது. நடுவில் எவரிடமும் அறுந்துபோகாமல் இருந்தால் போதும். அப்படியானால் அவர் எதையும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியதில்லை, இருப்பதை உறுதிசெய்யச் சொல்லி மாகாண ஆளுநரிடம் விண்ணப்பித்தால் போதும். அவரை இங்கே வோயெவோடா என்பார்கள். போலந்தில் ஒருபோதும் வசித்திராத குடும்பம் என்றால் கோப்பு மசோவிய மாகாணத்துக்கு, அதாவது வார்சாவுக்கு வரும்.

இரண்டாவது, கார்த்தா போலாகா. போலந்து இனத்தவர் என்பதற்கான அட்டை. 2007 செப்டம்பரில் இயற்றிய சட்டம். பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகளில் இருவரோ போலந்து தேசிய இனத்தவராக இருந்தார்கள், அல்லது போலந்துக் குடியுரிமை வைத்திருந்தார்கள் என்று காட்ட வேண்டும். தட்டச்சன் கவனிக்க: கொள்ளுத்தாத்தா ஒருவர் மட்டும் என்றால் போதாது, இருவர் என்றால் போதும். இங்கே தம்பதி இருவருமே இருக்கிறார்கள். இதோடு அடிப்படைப் போலிஷ் மொழி அறிவு, மரபுகளைப் பற்றிய அறிவு, நான் போலந்துத் தேசத்தைச் சேர்ந்தவள் என்று தூதரக அதிகாரி முன்னிலையில் எழுத்தில் தரும் உறுதிமொழி ஆகியவையும் வேண்டும். இந்த அட்டை வசிப்புரிமை அல்ல. ஆனால் இதை வைத்துக்கொண்டு, இங்கே நிலையாகத் தங்கப்போகிறேன் என்று சொல்லி நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2013-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் அதற்கு இடம் தருகிறது, கட்டணமும் கிடையாது.

மூன்றாவது, அட்டையே இல்லாமல் போலந்து வம்சாவளி என்ற காரணத்தை மட்டும் காட்டி நேரடியாக அதே நிரந்தர வசிப்புரிமையைக் கேட்பது. வம்சாவளி என்றால் என்ன என்பதை 2000-ஆம் ஆண்டின் தாயகம் திரும்புவோர் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அளவுகோல் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் அத்தனை சான்றுகளையும் மாகாண அலுவலகம் முதலிலிருந்து எடைபோடும், கட்டணமும் உண்டு. அட்டை கையில் இருந்தால் வம்சாவளிக் கேள்வி தூதரகத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அட்டை வாங்கக்கூடியவர் எவருக்கும் இந்த மூன்றாவது கதவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வின்னிபெக்வாசி

மிக்க நன்றி அக்கா. அப்படியானால் முதல் கதவைத் தட்டலாமா? 1911-ல் புறப்பட்டபோது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லையே?

விஸ்துலாக்கரை

இல்லைதான். 1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் மூன்றாவது முறையாகப் பங்குபோட்டு முடித்த பிறகு 1918 வரை இல்லை. அதனால் எல்லாம் முதல் குடியுரிமைச் சட்டத்தில் வந்து நிற்கிறது. 1920 ஜனவரி 20-ல் இயற்றப்பட்டு அம்மாதம் 31-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் கொள்ளுத்தாத்தா வேறு நாட்டுக் குடிமகன் ஆகியிருக்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம், 1926-ல்தானே பிரிட்டிஷ் பிரஜையாகிறார். கலீசியாக்காரர் என்றால், ஆஸ்திரியச் சட்டப்படி ஏதாவது ஓர் ஊராட்சியில் அவருக்குச் சொந்தவூர் உரிமை, அதாவது அவ்வூர்க்காரர் என்ற சட்ட நிலை, இருந்ததைக் காட்ட வேண்டும். ஞானஸ்நானப் பதிவு மட்டும் இதற்குப் போதாது.

1926-ல் பிரிட்டிஷ் பிரஜையானதால் போலந்துக் குடியுரிமை போயிற்றா? பொதுவிதிப்படி போகும். ஆனால் சட்டத்திலேயே ஒரு வளைவு இருக்கிறது: ராணுவக் கடமைக்கு உட்பட்ட ஆண், அதிலிருந்து விடுவிக்கப்படாமல் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால், போலந்தின் கண்ணில் அவர் குடிமகனாகவே தொடர்வார். படைக்கு ஆள் குறையக் கூடாது என்று போட்ட விதி, நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டாக வந்து விழுகிறது. எங்கள் அலுவலகத்தில் பாதிக் கோப்புகள் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன.

எனக்கு இடிக்கிற இடம் தாத்தா. அதே சட்டம், அனுமதி பெறாமல் அயல்நாட்டு ராணுவத்தில் சேர்ந்தாலும் அரசுப் பதவி ஏற்றாலும் குடியுரிமை போகும் என்கிறது. அவர் தானாகப் பெயர் கொடுத்தாரா, கட்டாயத்தின் பேரில் அழைக்கப்பட்டாரா, எந்த ஆண்டு என்பதெல்லாம் கேட்கப்படும். படைப்பணி ஆவணத்தை வாங்குங்கள். மாமியார் 1953-ல் பிறந்ததில் சிக்கல் இல்லை. தாத்தா 1924-ல் முறையான திருமணத்தில் பிறந்ததால் தந்தை வழி. 1951 ஜனவரி 19 முதல் தாய் தந்தை எவர் வழியாகவும் பிள்ளைக்கு இறங்கும்.

இன்னொன்றையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவோடு குடியுரிமை அறுந்துபோனாலும் நீங்கள் சேர்த்த தாள் வீணாகாது. கார்த்தா போலாகாவுக்கு முன்னோர் குடியுரிமை *வைத்திருந்தார்* என்பதுதான் கேள்வி, பிறகு இழந்தாரா என்பது அல்ல. முதல் கதவுக்குத் தேடிய ஆவணமே இரண்டாவது கதவைத் திறக்கும். ஆனால் வரிசை முக்கியம்: குடியுரிமை உள்ளவருக்கு அட்டை கொடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சுடர்மணி

எல்லோரும் ஆவணக் கணக்கில் இறங்கிவிட்டீர்கள். எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி. மூன்று தலைமுறையாக மொழி தெரியாது, நாட்டைப் பார்த்ததில்லை. கணவருக்குக் கிராக்கோவில் வேலை கிடைத்ததும் நான் போலந்துத் தேசத்தைச் சேர்ந்தவள் என்று கையெழுத்துப் போடுவதா? அதே கிராக்கோவில் கிடங்கிலும் உணவகத்திலும் வேலை பார்க்கும் நேபாளியும் நம் ஊர்ப் பையனும் ஐந்து ஆண்டு வரி கட்டி, நிலையான வருமானம் காட்டி, பி1 என்ற நடுத்தர நிலை மொழிச் சான்றும் கொடுத்தால்தான் நீண்டகால வசிப்புரிமையைப் பற்றிப் பேசவே முடியும். இரத்தத்துக்கு ஒரு விதி, வியர்வைக்கு ஒரு விதி.

விஸ்துலாக்கரை

சுடர்மணி ஐயா, சட்டத்தை நான் எழுதவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். 1997 அரசியலமைப்பின் 52-ஆவது பிரிவிலேயே, போலந்து வம்சாவளி சட்டப்படி உறுதிசெய்யப்பட்டவர் இந்நாட்டில் நிலையாகக் குடியேறலாம் என்று இருக்கிறது. நாடில்லாமல் இருந்த காலத்தில் வெளியேறியவர்கள், எல்லை நகர்ந்ததால் வெளியே நின்றுபோனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் ஆகியோருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அரசு நினைக்கிறது.

கரகண்டாக்காரி

கடன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே வருகிறேன். நான் கசகஸ்தானில் மருத்துவம் படித்தவள். விடுதியில் பக்கத்து அறைத் தோழிக்குப் போலந்துக் குடும்பப் பெயர். அவளுடைய முன்னோர் உக்ரைனின் ஷித்தோமிர் பக்கத்தினர். 1921-ல் போலந்துக்கும் சோவியத்துக்கும் இடையே ரீகா உடன்படிக்கையில் கோடு கிழித்தபோது சோவியத் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள். ஆகவே அவர்கள் ஒரு நாள்கூடப் போலந்துக் குடிமக்களாக இருந்ததில்லை. 1936-ல் எல்லையோரப் போலந்துக் குடும்பங்களை ரயிலேற்றிக் கசகஸ்தான் புல்வெளியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இவர்களுக்கு முதல் கதவு கிடையாது. தேசிய இனம் ஒன்றுதான் சான்று.

அந்தச் சான்று எங்கே கிடைத்தது தெரியுமா? சோவியத் ஆவணங்களில்தான். கடவுச்சீட்டில் இனத்தைக் குறிக்கும் ஒரு வரி இருக்கும், பிறப்புச் சான்றில் தாய் தந்தை இனமும் இருக்கும். அவர்களை அடையாளம் கண்டு வண்டியேற்றப் பயன்பட்ட அதே குறிப்பைத்தான் பேரப்பிள்ளைகள் இன்று தூதரகத்தில் நீட்டுகிறார்கள். குறிப்பு இல்லாத குடும்பங்களும் ஏராளம். 1937 ஆகஸ்டில் சோவியத் ரகசியக் காவலான உள்துறை ஆணையகம் பிறப்பித்த 00485-ஆம் ஆணையின் கீழ், போலந்து உளவாளிகள் என்று சொல்லி 1,11,091 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பிறகு உக்ரைனியர் என்றோ ரஷ்யர் என்றோ பதிந்துகொண்டவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளையிடம் அலுவலகம் தாளைத்தான் கேட்கிறது.

தோழியின் குடும்பம் கடைசியில் தாயகம் திரும்புவோர் சட்டத்தின் கீழ் போனது. சோவியத் ஒன்றியத்தின் ஆசியப் பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கான வழி அது. அந்த விசாவில் எல்லையைக் கடந்தாலே குடியுரிமை வந்துவிடும். போலந்தின் புவுத்தூஸ்க் நகரில் உள்ள தகவமைப்பு மையத்தில் முதலில் தங்கி மொழி படித்தார்கள்.

சுடர்மணி

கரகண்டாக்காரி சொன்னதை மறுக்க எனக்கு வாயில்லை. அந்தக் கடன் நியாயமானது. ஆனால் அதுவே என் பக்கத்து வாதம். 2007-ல் வந்த சட்டம் முன்னாள் சோவியத் நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமானதாக இருந்தது. 2019-ல்தான் உலகம் முழுவதற்கும் விரித்தார்கள். ஷித்தோமிரில் பிடுங்கி எறியப்பட்டவருக்கும், நிலம் தேடிக் கனடாவின் மானிடோபாவுக்கு விரும்பிப் போனவருக்கும் ஒரே தராசா?

பழஞ்சுவடி

விரும்பிப் போனார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். கலீசியா ஆஸ்திரியப் பேரரசின் மிக ஏழை மாகாணம். நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியது உழவு மாடு திரும்ப இடமில்லாத துண்டு. போன இடத்திலும் பூமாலை போடவில்லை. முதல் உலகப் போரில் கனடா இவர்களை ஆஸ்திரியப் பிரஜைகள், ஆகவே எதிரி நாட்டவர் என்று பதிவுசெய்தது. 8,500-க்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் உக்ரைனியர், போலந்துக்காரர்களும் இருந்தார்கள்.

வாதத்தை நீங்கள் நடத்துங்கள். நான் வின்னிபெக்வாசிக்கு ஆவணம் தேடும் வழியைச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

தெர்னோபில் உக்ரைனில் இருப்பதால் உக்ரைனுக்கு எழுதத் தோன்றும். ஆனால் ல்வூவ் மறைமாவட்டத்து ரோமன் கத்தோலிக்கப் பதிவேடுகளில் பெரும்பகுதி வார்சாவில், பழம் ஆவணங்களின் மைய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. நிறையப் படிகள் இணையத்திலேயே உள்ளன. இல்லாத ஆண்டுகளுக்கு ல்வீவ் (ல்வூவின் இன்றைய உக்ரைனியப் பெயர்) நகரில் உள்ள உக்ரைனிய மைய வரலாற்று ஆவணக்காப்பகம். கலீசியப் பதிவேடுகள் இலத்தீனில், கட்டம் கட்டமாக இருக்கும். வீட்டு எண், ஞானப் பெற்றோர், மதம் எல்லாம் தனித்தனிக் கட்டம். இலத்தீன் என்பதால் பயப்படாதீர்கள், ஒரு பக்கம் படித்தால் மற்றவை எல்லாம் அதே சொற்கள்தான். பங்குபோட்டதில் ரஷ்யாவிடம் போன பகுதியிலிருந்து வந்த குடும்பங்களுக்குத்தான் உண்மையான தலைவலி: 1868-க்குப் பின் முழுப் பத்தியாக ரஷ்யக் கையெழுத்து, இரண்டு நாள்காட்டித் தேதிகளோடு.

மதக் கட்டத்தைக் கவனியுங்கள். ரோமன் கத்தோலிக்கர் என்றால் போலந்துக்காரர், கிரேக்கக் கத்தோலிக்கர் என்றால் உக்ரைனியர் என்பது அந்தப் பகுதியில் பொதுவாகச் செல்லும் கணக்கு. ஆனால் கலப்பு மணங்கள் நிறைய. அதனால் இது துணைச் சான்றுதான், முடிவுச் சான்று அல்ல.

பெயர் விஷயம்: பதிவில் அடால்பெர்த்துஸ் என்று இருந்தால் அது வோய்ச்சியெக். கனடாவுக்கு வந்தபின் அவரே ஆல்பர்ட் ஆகியிருப்பார், அல்லது எந்தத் தொடர்பும் இல்லாமல் ஜார்ஜ். மூன்றும் ஒரே ஆள் என்று அலுவலகத்துக்கு நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது. திருமணப் பதிவில் பெற்றோர் பெயர்களும் இருந்தால் அதுவே பாலம்.

தட்டச்சன்

துறைமுகத்தில் இறங்கியபோது அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்லிவிட்டால் போகிறது.

பழஞ்சுவடி

எல்லாக் குடும்பத்திலும் இந்தக் கதை இருக்கிறது, எந்த அலுவலகமும் நம்புவதில்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. இறங்கிய இடத்தில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னர் தாங்களாகவே, பள்ளிக்காகவும் வேலைக்காகவும் மாற்றிக்கொண்டார்கள். ஹாம்பர்க் வழியாக வந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் தப்பியிருக்கின்றன. பிரெமன் வழி என்றால் அந்தக் காலப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

வின்னிபெக்வாசி

இரண்டு நாளாகத் தேடியதில் கிடைத்தவை: 1921 கனடா மக்கள்தொகைக் கணக்கில் கொள்ளுத்தாத்தாவின் இனம் ஆஸ்திரியர் என்று எழுதியிருக்கிறது! 1931 கணக்கிலோ போலந்து இனம் என்று இருக்கிறது. தாத்தாவும் அந்தப் பக்கத்தில் ஏழு வயதுச் சிறுவனாக, போலந்து இனம், தாய்மொழி போலிஷ் என்று இருக்கிறார். எது செல்லும்?

பழஞ்சுவடி

அருமை. 1931 கணக்கு 2023-ல்தான் பொதுவெளிக்கு வந்தது. அதற்கு முன் தேடியவர்களுக்கு இந்த வரி கிடைத்திருக்காது. 1921 பதிவைக் கண்டு கலங்க வேண்டாம். கணக்கெடுத்தவர் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டிருப்பார், இவர் ஆஸ்திரியா என்றிருப்பார். கலீசியர், ரூத்தேனியர் என்றெல்லாம்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

1926 குடியுரிமைக்கு, 1915 முதல் 1951 வரையிலான பெயர்ப் பட்டியல் கனடாவின் தேசிய நூலக ஆவணக்காப்பகத்தில் தேடக் கிடைக்கும். அதை வைத்து முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதில் முந்தைய நாடு என்ன என்று எழுதியிருக்கிறது என்பதுதான் தங்கம்.

விஸ்துலாக்கரை

பழஞ்சுவடி சொன்னதோடு ஒன்று. தாத்தாவையும் போலந்து இனத்தவர் என்று காட்டுகிற தாள் இருக்கிறதென்றால் கொள்ளுத்தலைமுறைக்கே போக வேண்டியதில்லை. இனம் என்பது பிறந்த இடத்தைப் பொறுத்தது அல்ல. வின்னிபெக்கில் பிறந்தவரும் போலந்து இனத்தவராக இருக்கலாம். கணக்கெடுப்பு வரி ஒன்றை மட்டும் நம்பாமல், போலந்துப் பங்குக்கோயிலில் அவர் பெற்ற ஞானஸ்நானப் பதிவு, போலந்துப் பள்ளியில் படித்தது, சங்கத்தில் உறுப்பினராக இருந்தது என்று சேர்த்துக் கட்டுங்கள். அப்போது கொள்ளுத்தம்பதி ஆவணம் இரண்டாவது தூணாக நிற்கும்.

எந்தத் தாளாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதுவும் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக. எனக்குத் தெரிந்த ஒரு மாகாண அலுவலகத்தில் ஊர்ப் பெயரின் எழுத்துக் குறி ஒன்று விடுபட்டதற்காகக் கோப்பை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டார்கள். எதிர்த்து வாதாடாமல் திருத்திக் கொடுத்ததும் நகர்ந்தது.

நீலகண்டப்பறவை

நேர்காணல் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் கணவர் அர்ஜென்டினாக்காரர், பாட்டி வழியாக அட்டை வாங்கியவர். அதிகாரி முழு உரையாடலையும் போலிஷில்தான் நடத்தினார். உங்கள் பெயர் என்ன, குடும்பத்தில் யார் போலந்துக்காரர், எந்த ஊர் என்று இயல்பாகத் தொடங்கி, மே 3 எதற்கு விடுமுறை, நவம்பர் 11 என்ன நாள், 966-ல் என்ன நடந்தது, நவம்பர் முதல் தேதி கல்லறையில் என்ன செய்வார்கள் என்று போகும். விகிலியா எனும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் எத்தனை உணவு, காலித் தட்டு யாருக்கு, ஒப்வாதெக் அப்பத்தை எப்படிப் பகிர்வார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். உங்கள் மனைவி அதில் பிறந்து வளர்ந்தவர், விளக்கமாகச் சொல்ல மொழி மட்டும் வேண்டும்.

அந்த மொழி ஒரு கோடையில் வராது. ஏழு வேற்றுமை இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு எட்டு வேற்றுமை பழக்கம் என்பதால் நீங்கள் மனைவியை முந்திவிடக்கூடும், சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்துகொண்டு போனவர்களை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சுடர்மணி அண்ணா, உங்கள் கேள்வியை என் கணவரும் கேட்டுக்கொண்டார். மொழி படிக்கத் தொடங்கியபோது அது தாளுக்காகத்தான். பிறகு பாட்டியின் கடிதக்கட்டு ஒன்றை அவரே படித்தார். அவர் கையெழுத்துப் போட்டதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சுடர்மணி

அவர் படித்தார், சரி. சட்டம் எல்லோருக்கும் அடிப்படை மொழியறிவைத்தானே கேட்கிறது, கிடங்குத் தொழிலாளிக்கு மட்டும் பி1 சான்று. என் உறுத்தல் அப்படியே இருக்கிறது.

விஸ்துலாக்கரை

அந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் வம்சாவளிக்காரரும் பி1-ஐத் தாண்டாமல் குடிமகனாக முடியாது. வம்சாவளி அல்லது கார்த்தா போலாகா வழியாக நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், அதன்பேரில் ஓராண்டு தொடர்ந்து இங்கே வசித்தால் குடியுரிமை ஏற்புக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது பி1 சான்று கட்டாயம். காலத்தில்தான் சலுகை, தேர்வில் இல்லை.

மதுரைப்பேரன்

இடையில் ஒரு கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது போலந்துக் குழந்தைகளும் பெண்களும் இந்தியாவிலேயே இருந்தார்களே, ஜாம்நகர் பாலாச்சடியிலும் கோலாப்பூர் வளிவடேயிலும். அங்கே மணம் முடித்துத் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா?

பழஞ்சுவடி

பொருந்தும், வலுவாகவே. அவர்கள் 1940-41-ல் கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் நாட்டுக்குக் கடத்தப்பட்டு, 1942-லிருந்து ஈரான் வழியாக இந்தியாவுக்கு வந்தவர்கள். அதாவது போருக்கு முன் போலந்துக் குடிமக்கள், தேடிப்பிடிக்க முகாம் பட்டியல்களும் உண்டு. ஆனால் ஒரு பொறி: 1951-க்கு முன்பு வெளிநாட்டவரை மணந்து கணவரின் குடியுரிமையைப் பெற்ற பெண் தன் போலந்துக் குடியுரிமையை இழந்தார். அதனால் முதல் கதவு அடைபடலாம். இரண்டாவது கதவுக்குப் பாட்டி ஒருவரே போதும். ஜாம்நகர் அரசர் திக்விஜய் சிங்கின் நினைவாக வார்சாவில் நல்ல மகாராஜா என்றே ஒரு சதுக்கம் இருக்கிறது, போனால் பாருங்கள்.

ஈப்போத்தமிழன்

மலேசியாவிலிருந்து படிக்கிறேன். எங்களுக்கு இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் கொள்ளுப்பேரன் வரை உண்டு. ஆனால் எந்த அதிகாரியும் என்னிடம் மொழியும் கேட்கவில்லை, பொங்கல் எப்படி வைப்பாய் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

தட்டச்சன்

கேட்டிருந்தால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் தேறியிருக்க மாட்டார்கள்.

வின்னிபெக்வாசி

நேற்று மனைவியோடு உட்கார்ந்து முடிவெடுத்தோம். தாத்தாவின் ராணுவக் கோப்பும் 1926 கோப்பும் வரட்டும், முதல் கதவை ஒரு வழக்குரைஞரிடம் காட்டிவிட்டு, அது இல்லையென்றால் அட்டை. அவர் போலிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார். சுடர்மணி ஐயா எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மனசுக்கு ஒப்பாமல் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவதில்லை, மொழி ஓரளவு வந்த பிறகே தூதரகத்துக்குப் போவேன் என்கிறார். நான் வேலை அனுமதியில் முன்னால் போகிறேன்.

கடைசியாக: அட்டை வழியில் போனால் எனக்கும் மகளுக்கும் என்ன நிலை?

விஸ்துலாக்கரை

முதல் கதவு திறந்தால் மகளும் பிறப்பிலிருந்தே குடிமகள்தான். உங்களுக்குக் குடிமகளின் கணவர் என்ற முறையில் தற்காலிக வசிப்புரிமை கிடைக்கும், தனி வேலை அனுமதி வேண்டாம். மணமாகி மூன்றாண்டு நிறைந்திருந்து, அந்த வசிப்புரிமையில் இரண்டாண்டு தொடர்ந்து இங்கே இருந்தால் நீங்களும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம்.

அட்டை வழி என்றால், மகளுக்கும் தனியாகக் கார்த்தா போலாகா வாங்கலாம். தாயிடம் மட்டும் அட்டை இருந்தால் மற்ற பெற்றோர் தூதரக அதிகாரி முன் சம்மதம் தர வேண்டும், அதற்கு நீங்கள் நேரில் போக வேண்டியிருக்கும். மனைவிக்குக் கட்டணமில்லாத தேசிய விசா கிடைக்கும். இங்கே வந்து சட்டப்படித் தங்கியிருக்கும் காலத்துக்குள் இருவருக்கும் விண்ணப்பம் போடுங்கள். நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் கார்த்தா போலாகா செல்லாததாகிவிடும், திருப்பிக் கொடுக்க வேண்டும். வசிப்புரிமைக்குக் காலவரையறை இல்லை, அதற்கான பிளாஸ்டிக் அட்டையை மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறு ஆண்டுக்கு மேல் போலந்தை விட்டுப் போனால் ரத்தாகும். புதிதாகக் குடியேறுபவருக்கு ஒன்பது மாதம் வரை ஓர் உதவித்தொகையும் உண்டு. அதற்கான மனுவை வசிப்புரிமை விண்ணப்பத்தோடு ஒட்டியே போட்டுவிடுங்கள், பின்னால் போட்டால் கெடு தாண்டிவிடும்.

உங்களுக்கு மனைவியோடு குடும்பமாகச் சேர்ந்து வாழ்வதற்கான தற்காலிக வசிப்புரிமை. அவர் குடியுரிமை வாங்கும்வரை மேலே சொன்ன இரண்டாண்டுக் கணக்கு உங்களுக்குத் தொடங்காது. அதனால் வேலை அனுமதியில் வந்த காலத்தின் தாள்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஐந்தாண்டு நீண்டகால வசிப்புரிமைக்கு அது கணக்கில் வரும். சுடர்மணி ஐயா சொன்ன அந்தக் கிடங்குத் தொழிலாளியின் வரிசையில்தான் நீங்களும் நிற்கப்போகிறீர்கள், ஆகவே பி1 தேர்வுக்கு நீங்களும் பணம் கட்டிவிடுங்கள்.